ஐந்தாவது கொசுப் புகார்

அந்த நீலச் சட்டைக்காரன் மாடிப்படி ஏறி வந்தபோது மழை நின்றது. சத்தியமாக நின்றது. ஜூன் மாதக் கடைசியில் மட்டாஞ்சேரி மழை யாருக்காகவும் நின்றதாகச் சரித்திரம் கிடையாது. ஜெட்டியில் படகு நிற்கும், பஜார் ரோட்டில் லாரி நிற்கும், கரண்ட் நிற்கும்... மழை நிற்காது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் அந்தப் புதன்கிழமை மட்டும், காலை பத்து மணிக்கு, ஒரு பத்து நிமிடம் நின்றது.

அப்போது மஞ்சுஷா கொசுவலைக்குள் இருந்தாள். தூங்கிக்கொண்டிருக்கவில்லை; முப்பத்தேழாவது பூ உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய பசுமைக்குடில். இரண்டு பழைய இரும்புக் கட்டில்கள். ஒன்றில் கத்தரிச் செடிகள், இன்னொன்றில் குடைமிளகாய்ச் செடிகள், எல்லாம் பெயிண்ட் டப்பாக்களில். தலைக்கு மேலே மூங்கிலும் பாலிதீனும். நாலு பக்கமும் கொசுவலை. கொச்சிக்காரன் வீடு கட்டும்போது வாசல் வைக்க மறந்தாலும் மறப்பான், கொசுவலை மாட்ட ஆணி அடிக்க மறக்கமாட்டான். மஞ்சுஷா அசல் கொச்சிக்காரி. வலையை இரண்டு மடிப்பாகப் போட்டு, இடுக்கு தெரிந்த இடத்திலெல்லாம் துணி கிளிப்பு மாட்டி, ஒரு பெருமூச்சுகூட உள்ளே நுழைய முடியாதபடி அடைத்திருந்தாள்.

செடிகள் யானைக்குட்டி மாதிரி வளர்ந்தன. பூக்கள் கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி பூத்தன. காய் மட்டும்... ஒன்றுகூட இல்லை. பஜார் ரோடு கிடங்கில் சுமை தூக்கும் சுமட்டுக்காரர்களுக்கு மூப்பனாக இருந்த அப்பா பாலையா, சாயா குடிக்கும்போதெல்லாம் மாடியைப் பார்த்துச் சிரிப்பார். ஊரே நல்லமிளகு விற்றுப் பிழைக்கிறது, இவள் பிளாஸ்டிக் பங்களா கட்டி இலை வளர்க்கிறாள் என்பார்.

"இங்கே வெள்ளம் கெட்டிக் கிடக்குதா?" என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே வந்தான் நீலச் சட்டை. தண்ணீர் தேங்குகிறதா என்று வீடு வீடாகப் பார்க்கும் கொசு ஒழிப்பு ஆள். தோளில் பீரங்கி அளவுக்குப் புகை மெஷின். அவள் வலைக்குள்ளிருந்து நிமிர்ந்தாள். அவன் வலைக்கு வெளியே குனிந்தான்...

இரண்டு மடிப்பு வலை வழியாகப் பார்த்தால் மனித முகம் சின்னச் சின்னக் கட்டமாகத்தான் தெரியும். அவளுக்கு ஒரு கட்டத்தில் மழைத்துளி தொங்கும் இமை தெரிந்தது. அடுத்த கட்டத்தில் இன்னொரு இமை. மூன்றாவது கட்டத்துக்குப் போக அவளுக்கு அவசரமே இல்லை.

அவன் மூலையில் இருந்த இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்தான். செடிகளுக்குத் தண்ணீர் மொள்ளும் பக்கெட்டைக் கவிழ்த்தான். பிறகு, இவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் முணுமுணுத்தான்.

"கத்தரிக்காய் வலைக்குள்ள தூங்குது. மனுசனுக்குத்தான் வலை இல்லை."

"ட்யூட்டி நேரத்துல மனுசன் எதுக்குத் தூங்கணும்?" என்றாள் மஞ்சுஷா, வீட்டில் அப்பாவோடு பேசும் அதே தமிழில்.

அவன் திடுக்கிட்டதில் மெஷின் தோளிலிருந்து சரிந்தது. கீழே விழாமல் பிடித்து, கையில் கிடைத்த இடத்தில், கத்தரிக் கட்டிலின் கால்மாட்டில் தூக்கி வைத்தான். இதற்காக அவன் ஒரு ஓரம் கிளிப்பைக் கழற்றியது அவளுக்குப் பிடிக்கவில்லை. செடிமேல் மருந்து பட்டால் நடப்பது வேறு என்றாள். மருந்துக் குழாயைத் திறக்கவே மாட்டேன், மழையில் நனைந்த இஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லி அவன் அதை ஸ்டார்ட் செய்தான்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஆலுவா ஸ்டேஷனில் போர்ட்டர்கள் ரயில் வந்துவிட்டதென்று தலையில் துண்டைச் சுற்றினார்கள். ஏலூர் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததென்று நாலு பேர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். இரும்புக் கட்டில், ஜன்னி கண்டவன் படுத்த மாதிரி தடதடவென்று ஆடியது. அவள் கத்தினாள், அவன் கத்தினான், இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இஞ்சினை அவன் அணைத்ததும் மறுபடி மழை.

கீழே அவளுடைய எஸ்டிடி பூத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று அவன் நோட்டில் எழுதினான்: இரண்டு சிரட்டை, ஒரு பக்கெட், ஒரு வாய். கடைசியை மட்டும் அடித்துவிட்டான்.

அவன் பெயர் சங்கிலிப்பாண்டி. அப்பா காலத்திலிருந்தே மட்டாஞ்சேரிதான். தமிழர்களைப் பாண்டி என்று கேலி செய்யும் ஊரில், பெயரிலேயே பாண்டியை வைத்துக்கொண்டு வளர்வது லேசான காரியமில்லை. அதனால் ஆபீஸில் அவன் வெறும் சங்கிலி. ஆறு வருஷமாகத் தினக்கூலி. ஓணத்துக்கு முன்னால் நிரந்தரமாகப் போகும் ஆறு பேர் பட்டியலில் அவன் பெயர் நாலாவது. விதி ஒன்றுதான்: அவன் பொறுப்பில் இருக்கும் தெருவில், ஒரே வீட்டிலிருந்து ஒரு மழைக்காலத்தில் ஐந்து புகார் வரக்கூடாது. வந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். ஆறு வருஷத்தில் ஒரு வீட்டிலிருந்து இரண்டாவது புகார்கூட வந்ததில்லை.

இதெல்லாம் மஞ்சுஷாவுக்குத் தெரியாது. பாவம்.

ஒன்பதாம் நாள் அவள் மாடிக்குப் போனபோது, கத்தரிக் கட்டிலில் ஊதா நிறத்தில் நாலு பிஞ்சுகள். குடைமிளகாய்க் கட்டிலில் வழக்கம்போல் ஒன்றுமில்லை.

மஞ்சுஷாவுக்கு ஒரு வியாதி உண்டு. ஏன் என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில், கடிகாரம் ஏன் டிக் என்கிறது என்று பார்க்கப் போய் வீட்டில் ஐந்து மாதம் யாருக்கும் மணி தெரியவில்லை. இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தாள். தமிழ் எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் என்பதால் மலையாளத்தில் எழுதினாள். சந்தேகம் ஒன்று: மெஷினா? இரண்டு: சத்தமா? மூன்று... மூன்றாவதை எழுதுவதற்கு முன் பூத்துக் கதவைப் பார்த்துக்கொண்டாள். மூன்று: ஆளா?

சத்தம்தான் என்றால் செலவில்லாத வேலை. குடைமிளகாய்ச் செடிகளைப் பத்து நிமிடம் நின்று திட்டிப் பார்த்தாள். யாரோ மருமகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பக்கத்து வீட்டு பேச்சியக்கா கரண்டியோடு ஓடி வந்ததுதான் மிச்சம். காய் வரவில்லை.

ஆக, அவனையே வரவழைக்க வேண்டும். கொசு ஆபீஸ் ஆள் எப்போது வருவான்? புகார் சொன்னால் வருவான். கையிலேயே பூத்து இருக்கிறது. புதன்கிழமை காலை போனைச் சுழற்றினாள். மாடியில் கொசு தாங்கவில்லை, ஆளை அனுப்புங்கள்.

முதல் புகார்.

அவன் வந்து கொசுவைத் தேடினான். அவள் மெஷினைக் குடைமிளகாய்க் கட்டிலில் வைத்து ஒரு தடவை ஓட்டச் சொன்னாள், மருந்து இல்லாமல். எதற்கு என்று கேட்டான். செடிக்குப் பயம் தெளியட்டும் என்றாள். அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஓட்டினான். பத்தாம் நாள், மூக்குத்தி அளவில் ஆறு குடைமிளகாய்.

இரண்டாவது புகார். மெஷினைக் கீழேயே வைத்துவிட்டு வரச் சொல்லி, அவனைச் செடிகளுக்கு நடுவில் கால் மணி நேரம் சும்மா நிற்க வைத்தாள். அவன் கையில் சாயா கொடுத்தாள்.

"என்னை வச்சு என்ன பண்றீங்கன்னு சொன்னா, ஒழுங்கா நிப்பேன்."

"ஒண்ணும் பண்ணல சேட்டா. சும்மா நில்லுங்க."

கொச்சியில் சேட்டா என்ற சொல் அண்ணனுக்கும் போகும், கட்டிக்கொண்டவனுக்கும் போகும். தான் எந்தக் கணக்கில் சொன்னோம் என்று அவளுக்கே ஒரு விநாடி குழப்பம். அவன் சாயாவைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். பாலிதீன்மேல் மழை விரல் தட்டியது... அவன் கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு, வெளியே வரலாமா என்று யோசித்து நின்றது. பத்து நாள் கழித்துப் பார்த்தாள். ஆள் சும்மா நின்றதால் செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருக்கு ஆயிற்று என்பதை அவள் நோட்டில் எழுதவில்லை.

மூன்றாவது புகாருக்கு மெஷினைத் தரையில் வைத்து ஓட்டச் சொன்னாள். அதே பேரிடி, கட்டில் மட்டும் ஆடவில்லை. காயும் பிடிக்கவில்லை. காரணம் சத்தமும் இல்லை, ஆளும் இல்லை... அப்படியென்றால் ஆட்டம்.

நான்காவது புகார் வந்தபோது ஆபீஸில் சுகாதார இன்ஸ்பெக்டர் சஜி சார் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். அவன் அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் புதன்கிழமை வருகிறதென்றால் அவன் செவ்வாய்க்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தான். புகை அடிக்கப் போகிறவன் இஸ்திரி போடுவது உலகத்தில் எங்கும் கிடையாது.

அன்று மெஷின் கத்தரிக் கட்டிலில் ஏறியது. அவள் அப்பாவின் பூதக்கண்ணாடியைப் பூவுக்கு நேராகப் பிடித்தாள். அவனும் குனிந்தான். இரண்டு தலைகளுக்கு நடுவில் ஒரு கத்தரிப்பூ. கட்டில் தடதடக்க, பூவின் நடுவிலிருந்த மஞ்சள் குழல்களின் நுனியிலிருந்து, உப்பு டப்பாவைக் குலுக்கிய மாதிரி, பொடி உதிர்ந்தது. பொன் பொடி. பூவின்மேல் விழுந்தது போக மிச்சம் அவன் நீலச் சட்டைக் கையில்.

அவள் யோசிக்காமல் அதைத் தட்டிவிட்டாள். பிறகுதான், அது இன்னொருவர் கை என்பது ஞாபகம் வந்தது. அவளுக்கு ஏறிய சிவப்பைப் பார்த்து, பக்கத்துக் கட்டிலில் ஒரு குடைமிளகாய் அவசரமாகப் பழுத்தது.

அவன் போன பிறகு, இஞ்சின் இல்லாமல், ஆள் இல்லாமல், ஒரு பூவை அவள் விரலால் சுண்டினாள். அதே மகரந்தப் பொடி. இவ்வளவுதானா? வண்டு வந்து பூவைக் கவ்வி உதறியிருந்தால் இந்த வேலை தானாக நடந்திருக்கும். கொசுவுக்குப் பயந்து வண்டுக்கும் சேர்த்துக் கதவடைத்தது இவள்தான். ஒரு கொச்சிக்காரிக்குத்தான் இந்தத் தப்பு வரும்.

அன்றிலிருந்து தினம் காலையில் பூக்களைச் சுண்டினாள். காய்கள் வரிசை கட்டின. பாலையா மாடிக்கு வந்து, ஒரு கத்தரிக்காயை இரண்டு கையாலும் தாங்கிப் பார்த்து, இனி சிரிக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஆக, மெஷின் வேண்டாம். ஆளும் வேண்டாம்.

புதன்கிழமை வந்தது. பத்து மணி ஆயிற்று. அவள் கை, அவளைக் கேட்காமல், போனை எடுத்தது.

ஐந்தாவது புகார்.

அவன் வந்தான். தோளில் மெஷின் இல்லை. சட்டையில் இஸ்திரி இல்லை. மாடிக்குப் போய், வலையைச் சுற்றி ஒரு நடை நடந்து, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"ஒரு கொசுவைக் காட்டுங்க மேடம். ஒண்ணே ஒண்ணு மதி, அது போதும்."

அவள் வலையில் ஒரு கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

"அஞ்சு புகார். எனக்கு மெமோ வந்தாச்சு. ஓணத்துக்கு முன்னால நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல என் பேர் இருந்துது, தெரியுமா? இப்போ அடிக்கப் போறாங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. பக்கெட்டைக் கவிழ்த்தேன், அதுக்கா?"

மஞ்சுஷாவிடம் சொல்ல எத்தனையோ இருந்தது. கத்தரிக்காய், மஞ்சள் பொடி, தூக்கம் வராத செவ்வாய்க்கிழமை இரவுகள்... ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். கடைசியில் இருப்பதை ஒரு பெண் மாடியில் நின்று எப்படிச் சொல்வது?

"கொசு இருந்துது," என்றாள் தரையைப் பார்த்து. "நீங்க வந்ததும் போயிடுச்சு."

"சரி. இனி நான் வரல. கொசுவாவது நிம்மதியா இருக்கட்டும்."

படி இறங்கும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மழை பெய்தது. அதுவரை பெய்ததெல்லாம் ஒத்திகை என்று தெரிகிற மாதிரி பெய்தது.

அடுத்த புதன்கிழமை, அழைக்காமலே, பினு என்று வேறொரு ஆள் வந்தான். அதே மெஷின். நல்ல பையன். மேடம் சொல்கிற இடத்தில் வைத்து ஓட்டுகிறேன், சங்கிலிச் சேட்டன் சொல்லியனுப்பினார், கட்டில்மேல் வைத்தால் செடிக்கு நல்லது என்று அவர்தான் சொன்னார் என்றான்.

"வேண்டாம்," என்றாள் மஞ்சுஷா. "இங்கே கொசு இல்லை."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எத்தனை சுலபமான வார்த்தை. யாரோ ஒருவனிடம் மூச்சுவிடுவது மாதிரி சொல்லிவிட்டாள். அவனிடம் மட்டும் வாய் வரவில்லை. ஏன்? அவளுடைய பழைய வியாதி, இந்த ஏன். இந்தத் தடவை விடை தேடி நோட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பினு முழித்தான். கொசு இல்லையா? பின்னே அந்த ஐந்து புகார்? சஜி சார் இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை மேலே அனுப்பப் போகிறாரே...

மணி பதினொன்றரை. மஞ்சுஷா பூத்தைச் சாத்தினாள். டெல்லிக்குப் பேசிக்கொண்டிருந்த கிராம்பு வியாபாரி ஒருவரை உள்ளே வைத்தே சாத்தினாள் என்று சொல்வார்கள். ஒரு கூடையில் ஒன்பது கத்தரிக்காய், நாலு குடைமிளகாய். குடை எடுக்க ஞாபகம் வரவில்லை. எதிரே சாயாக் கடையில் இருந்த பாலையா, எங்கேடி என்று கேட்டதற்கு, கொசு ஆபீஸுக்கு என்றாள். அவர் மகளை மேலும் கீழும் பார்த்தார். அவளை அப்படி ஓடி அவர் பார்த்ததில்லை. கடிகாரத்தைப் பிரித்த அன்றுகூட ஓடவில்லை. பாலையா வாயை மூடிக்கொண்டு இன்னொரு சாயா சொன்னார்.

ஆபீஸில் சங்கிலி ஓரமாக உட்கார்ந்து வேறொரு மெஷினின் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். சொட்டச் சொட்ட வந்து நின்றவளைப் பார்த்ததும் எழுந்தான், பிறகு கோபம் ஞாபகம் வந்து உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்க்காமல் நேராக சஜி சாரிடம் போனாள்.

"சார், என் புகார் அஞ்சும் பொய். எங்க வீட்டுல கொசு இல்லை. அவர் பேரை அடிக்காதீங்க."

சஜி சார் கடுகடுத்த மனிதர். சட்டம் தவறி ஒரு தும்மல் தும்மாதவர். கத்தரிக்காய்க் கூடையை ஒரு தடவையும் கடிகாரத்தை ஒரு தடவையும் பார்த்தார். வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை, ஐந்து புகார் ரெஜிஸ்டரில் இருக்கிறது, மறுப்பும் ரெஜிஸ்டரில் வர வேண்டும் என்றார். கனத்த நோட்டு ஒன்றை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று கட்டங்கள்: முகவரி, புகார், எடுத்த நடவடிக்கை.

பேனாவைப் பிடித்த விரலிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாடியில் சொல்ல முடியாததைக் காகிதத்தில் எழுதுவது இன்னும் மோசம், காகிதம் மறக்காது. பொய்க்காரி என்று தெரு சிரிக்கும். பூத்துக்கு வருகிறவனெல்லாம், மாடியில் கொசு சுகமா என்று கேட்பான். கேட்கட்டும்... மஞ்சுஷா எழுதினாள்.

சஜி சாருக்கு ஒரு பழக்கம். எதையும் உரக்கப் படித்தால்தான் அவருக்கு ஏறும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏலக் கூடத்தில் விலை கூறுகிற குரலில், ஆபீஸ் முழுக்கக் கேட்கப் படித்தார்.

"புகார். இந்த வீட்டில் கொசு இல்லை. ஜூன் முதல் இன்று வரை ஒரு கொசுவும் இருந்ததில்லை. முதல் நான்கு புகாரும் கத்தரிக்காய்க்காகவும் குடைமிளகாய்க்காகவும் செய்தது. ஐந்தாவது புகார்..." சார் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். ஆனால் எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுவது சட்டப்படி தவறு. "ஐந்தாவது புகார் கத்தரிக்காய்க்காக இல்லை."

டைப் அடித்துக்கொண்டிருந்த பாக்கியலக்ஷ்மி மேடத்தின் விரல் அந்தரத்தில் நின்றது. மின்விசிறி நின்றது, கரண்ட் போனது காரணமாக இருக்கலாம். மழை நின்றது. அதற்குக் காரணம் சொல்ல யாராலும் முடியாது.

அந்த அமைதியில் சங்கிலியின் கையிலிருந்து துடைக்கும் துணி விழுந்த சத்தம், அன்று மெஷின் போட்ட சத்தத்தைவிடப் பெரியதாகக் கேட்டது. அவன் எழுந்து வந்தான். இந்தத் தடவை வலை இல்லை, கட்டங்கள் இல்லை. அவள் முழு முகத்தையும் ஒரே தடவையில் பார்த்தான். மழையில் நனைந்த இமைகளும், அழுகையா தண்ணீரா என்று தெரியாத கன்னமும், பயந்து போன, ஆனாலும் பதில் என்ன என்று தெரிந்துகொள்ளத் துடிக்கிற அந்தக் கண்களும்...

"இதை அன்னிக்கு மாடியிலேயே சொல்லியிருந்தா என்னவாம்?" என்றான் மெதுவாக.

"அன்னிக்கு எனக்கே முழுசாத் தெரியாது."

"இப்போ?"

"ரெஜிஸ்டர்ல இருக்கே."

சஜி சார் பட்டியலை எடுத்தார். நாலாவது பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் போட்டிருந்த கோட்டை, ரப்பரை எச்சில் தொட்டு, மிகப் பொறுமையாக அழித்தார். பிறகு ரெஜிஸ்டரைக் காட்டினார். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது. நடவடிக்கை எழுதாமல் மூட முடியாது.

"சங்கிலி, எந்தா எழுதணும்?"

சங்கிலி பேனாவை வாங்கினான். ஆறு வருஷமாக அந்தக் கட்டத்தில் 'புகை அடிக்கப்பட்டது' என்று மட்டுமே எழுதிய கை. ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு, அழகான மலையாளத்தில், கட்டத்துக்கு வெளியே வழியாமல், எழுதியது.

சஜி சார் உரக்கப் படித்தார்: "தினமும் நேரில் சென்று பார்க்கப்படும்."

படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மெஷினோடயா, இல்லாமயா? அதையும் தெளிவா எழுதணும்."

சங்கிலி அவளைப் பார்த்தான். மஞ்சுஷா கூடையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து, அதன் காம்பை விரலால் மெல்ல ஒரு சுண்டு சுண்டினாள்.

"மெஷின் வேண்டாம் சார்," என்றாள். "ஆள் மட்டும் மதி."

சஜி சார் அதையும் எழுதி, முத்திரை குத்தினார்.